ஸ்பெயினில் வந்து சேரும் வினை, ருமேனியாவில் கிளம்பிப் போகிறது

கேள்வி: ஸ்பானியம் ஓரளவு தெரியும், இப்போது ருமேனியம் படிக்கிறேன். ஸ்பானிய ‘யெகார்’ என்றால் வந்து சேர்வது. அதே வேரில் பிறந்த ருமேனிய ‘ப்ளெகா’ என்றால் புறப்படுவதாம். எப்படி இப்படித் தலைகீழானது?

பதில்: இரண்டுக்கும் தாய் லத்தீன் ‘ப்ளிகாரே’. பொருள், மடிப்பது. எதை மடிக்கிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது. கப்பல்காரர் பாயை மடித்தால் கரை வந்தாயிற்று, படைவீரர் கூடாரத்தை மடித்தால் கிளம்பியாயிற்று என்பது வழக்கமான விளக்கம். ‘மூட்டையைக் கட்டு’ என்று நாம் சொல்வதும் கிளம்பத்தானே! அதனால் கூடாரக் கதை எனக்கு உறுத்தவில்லை.

பாய்க் கதையை மட்டும் அரைமனதோடுதான் ஏற்பேன். ‘அப்ளிகாரே’ என்ற முன்னொட்டு வடிவம், கப்பலைக் கரையில் அணைப்பதற்குப் பழைய லத்தீனிலேயே வழங்கியது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போன எகேரியா, முன்னொட்டில்லாத ‘ப்ளிகாரே’யையே ‘நெருங்குவது’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார், அதுவும் தரைவழிப் பயணத்தைச் சொல்லும்போது. பாய்க்கு அங்கே வேலையே இல்லை.

கேள்வி: ‘யெகார்’, ‘ப்ளெகா’, போர்ச்சுகீசிய ‘ஷெகார்’. காதில் ஒன்றுபோலவே இல்லையே?

பதில்: முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் ‘ப்ள’ இருந்தால் ஸ்பானியத்தில் பெரும்பாலும் இரட்டை ‘எல்’ ஆகும் (இன்று பலர் ‘ய’ என்றே ஒலிக்கிறார்கள்). போர்ச்சுகீசியத்தில் ‘ஷ’, இத்தாலியத்தில் ‘பிய’. பிரெஞ்சிலும் ருமேனியத்திலும் ‘ப்ள’ அப்படியே நிற்கும். மழையை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: ‘யுவியா’, ‘ஷுவா’, ‘பியோஜ்ஜா’, ‘ப்ளுயி’, ‘ப்ளோயாயே’.

‘க்ள’வும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இதே வழிதான். லத்தீன் ‘க்ளாவிஸ்’ ஸ்பானியத்தில் ‘யாவே’, போர்ச்சுகீசியத்தில் ‘ஷாவெ’. அந்த ‘ஷ’ முன்பு ‘ச்ச’ என்று ஒலித்தது. போர்ச்சுகீசியர் அதைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்ததுதான் ‘சாவி’.

கேள்வி: அடுத்த மாதம் புக்கரெஸ்ட் போகிறேன். ரயில் நிலையப் பலகையில் எதைப் பார்த்து ஏமாறுவேன்?

பதில்: ‘ப்ளெகெர்’ என்ற பத்திதான் புறப்பாடு. ஸ்பானியம் பழகிய கண் அதை ‘யெகாதாஸ்’, அதாவது வருகை, என்று எடுத்துக்கொள்ளும். வருகைக்கு அங்கே ‘சொசீர்’. ‘ட்ரேனுல் ப்ளெயாகெ லா ஒப்ட்’ என்று யாராவது சொன்னால் ரயில் எட்டு மணிக்குக் கிளம்புகிறது. எட்டு மணிக்கு வந்து சேர்கிறது என்று நினைத்து ஆற அமரப் போனால் வண்டி இருக்காது.

இத்தாலியத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஸ்பானிய ‘சலிதா’ வெளியேறும் வழி, புறப்பாடு. இத்தாலிய ‘சலிதா’ ஏற்றம். ரயில் பெட்டிக் கதவில் எழுதியிருந்தால் ஏறும் வழி. மூலமான லத்தீன் ‘சலீரே’ குதிப்பதைக் குறித்தது. ருமேனிய ‘சரி’ இன்றும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: மற்ற மொழிகளில் ‘ப்ளிகாரே’ என்ன ஆனது?

பதில்: பிரெஞ்சு ‘ப்ளியே’, இத்தாலிய ‘பியெகாரே’ இரண்டும் மடிப்பதோடு நின்றுவிட்டன. இத்தாலிய ‘ஸ்பியெகாரே’ மடிப்பைப் பிரிப்பது, அதனால் விளக்குவது. எனக்குப் பிடித்தது கட்டலான் ‘ப்ளெகார்’: மடிப்பது, கூடவே அன்றைய வேலையை முடிப்பது. “எத்தனை மணிக்குக் கடையைக் கட்டுவாய்?” என்று நாம் கேட்பதை அவர்கள் இந்த வினையை வைத்துத்தான் கேட்கிறார்கள். ருமேனியத்திலும் பழைய பொருள் சாகவில்லை; தலை குனிவதற்கு அதே ‘ப்ளெகா’தான்.

வந்து சேர்வதற்குக் கட்டலான், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றும் வேறு சொல்லுக்குப் போய்விட்டன: ‘அர்ரிபார்’, ‘அரிவே’, ‘அர்ரிவாரே’. மூலம் ‘ரீபா’, கரை. கரையைத் தொட்டதால் வந்த பொருள் என்று இதைத்தான் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: இத்தாலியில் ‘புர்ரோ’ வெண்ணெய், ஸ்பெயினில் கழுதை. இதுவும் இப்படிப் பிரிந்த சொல்தானா?

பதில்: இல்லை, தற்செயலான ஒற்றுமை. வெண்ணெய் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த ‘பூத்தீரும்’ வழி, பழைய பிரெஞ்சைத் தொட்டு வந்தது. கழுதை, குட்டைக் குதிரையைக் குறித்த ‘புர்ரிகுஸ்’ வழி. உண்மையில் பிரிந்த ஒன்று வேண்டுமானால் ‘லார்கோ’வைப் பாருங்கள்: ஸ்பெயினில் நீளம், போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் அகலம். துணிக்கடையில் கவனம்.