மகளை முதல் முறையாக மூன்று நாள் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்புகிறேன். உடம்புக்கு எதுவும் வராமல் இருக்க எப்படித் தயார் செய்வது?

ஒன்பதாம் வகுப்பு மகள், மதுரையிலிருந்து கொடைக்கானல், நாற்பது பிள்ளைகள், வீட்டை விட்டுத் தனியாகத் தங்குவது இதுதான் முதல் தடவை. என்னென்ன மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. பதினேழு வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு டூர் போய் வருகிறேன். மருந்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம்: உடம்பு சரியில்லை என்றால் உடனே வாயைத் திறந்து சொல்ல அவளைப் பழக்குங்கள். நான் பார்த்த தொந்தரவுகளில் பாதிக்கு மேல், பிள்ளை சொல்லாமல் மறைத்ததால் பெரிதானவை.

சில வருடத்துக்கு முன் சில்வர் காஸ்கேட் அருவிப் பக்கம் பஸ்ஸை நிறுத்தினோம். இறங்கிய பெண்களில் ஒருத்தி நாலு எட்டு வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்தபடியே கழுத்துவரை தண்ணீர். வழியில் பாத்ரூம் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் விடியற்காலையிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்கு மாதவிடாய் வேறு. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முன்னால் உட்கார்ந்திருந்த சாரிடம்தான் கேட்க வேண்டும். கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பக்கத்திலிருந்த ஹோட்டல்காரரிடம் கேட்டு பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். அரை மணி நேரத்தில் எழுந்து சிரித்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வத்தலக்குண்டிலேயே முடிந்திருக்கும்.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்னால், கூட வரும் ஆசிரியை யார் என்று விசாரித்து, அவரிடம் உங்கள் மகளையே நேரில் ஒரு தடவை பேச வையுங்கள். “மிஸ், எனக்கு அந்த மூணு நாள்ல பீரியட்ஸ் வரலாம்” என்று ஊரில் இருக்கும்போதே ஒரு தடவை சொல்லிவிட்டால் மலையில் சொல்லக் கூச்சம் இருக்காது. தேதி தள்ளியிருந்தாலும் நாப்கின் பையில் இருக்கட்டும். பயணமும் தூக்கக் குறைவும் தேதியைப் புரட்டிவிடும்.

இன்னொரு யோசனை, நான் பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் சொல்வது. டூருக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் கீழடி அருங்காட்சியகம் போய் வாருங்கள். 2023இல் திறந்தது, மதுரையிலிருந்து பக்கம்தான். தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை எல்லாம் அவள் பொறுப்பு. எப்போது தண்ணீர் குடிப்பது, எங்கே பாத்ரூம் என்று விசாரிப்பது எல்லாம் அவளே செய்யட்டும், நீங்கள் ஞாபகப்படுத்தவே கூடாது. சாயங்காலம் திரும்பும்போது பாட்டில் காலியாக இருக்கிறதா, தலை வலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரிந்துவிடும். பாட்டில் எவர்சில்வராக இருக்கட்டும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

குரங்கு விஷயத்தைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். ஒரு வருடம் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பையன் சப்பாத்தியை இடது கையால் பிய்த்துக்கொண்டிருந்தான். வலது கையை ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்திருந்தான். விலக்கிப் பார்த்தால் புறங்கையில் மூன்று கீறல், ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. மதியம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்க வந்த குரங்கு கீறியது. “சொன்னா எல்லாரையும் ரூம்லயே உக்கார வெச்சிருவீங்கனு பயந்துட்டேன் டீச்சர்” என்றான். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம். நாய், குரங்கு எது கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஊசியைத் தொடங்கி, மருத்துவமனைச் சீட்டில் எழுதிய தேதிகளில் மிச்ச ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும். இந்தக் கடியால் வரக்கூடிய ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி தெரிந்தபின் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது என்பதை இந்த வயதுப் பிள்ளைகளிடம் நேராகவே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள். அதோடு, “கடி வாங்கினால் திட்டமாட்டேன்” என்ற வார்த்தையும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

பெற்றோருக்கும் இது பொருந்தும். பள்ளி தரும் படிவத்தில் உடல்நலக் குறை என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு பையனுக்கு இரண்டாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன். கூட இருக்கும் பையன்கள் பார்த்துவிடுவார்களே என்று சாப்பிடாமல் விட்டிருக்கிறான், ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை. வலிப்புக்கு இந்த இரண்டும் போதும். எனக்குத் தெரிந்திருந்தால் நானே தனியாகக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்திருப்பேன். அறையிலிருந்த பிள்ளைகள் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார்கள். இரும்பைக் கையில் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியிருக்கும் சாமானை நகர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல் மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வீசிங், சர்க்கரை, வலிப்பு, ஒவ்வாமை எது இருந்தாலும் ஆசிரியரிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். இன்ஹேலரும் தினசரி மாத்திரையும் டிக்கியில் போகும் பெட்டியில் இருக்கக் கூடாது, தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும்.

சரி, மலைப்பாதை. காட்ரோட்டில் திரும்பியதும் வளைவுகள்தான். வத்தலக்குண்டில் நிறுத்தி வயிறு முட்டப் பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிள்ளைகள்தான் முதலில் வாந்தி எடுப்பார்கள். இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. முன் பக்க சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். குனிந்து போன் பார்த்தால் நிச்சயம் குமட்டும். உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது, அந்த முரண்தான் குமட்டல். டாக்டர் வாந்தி மாத்திரை எழுதிக் கொடுத்தால் மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது, கொடுத்து விடுங்கள்.

மருந்துப் பையில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் (அவள் எடைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டு எழுதிய சீட்டோடு), ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு, பேண்டேஜ், அவ்வளவுதான். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதியைப் பிரித்து ஒரு டம்ளரில் கலக்கும் வேலை வேண்டாம், உப்பு கூடிவிடும். ஆன்டிபயாட்டிக் எதுவும் வைக்காதீர்கள். பக்கத்துச் சிநேகிதிக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பையை நீங்கள் கட்ட வேண்டாம், அவள் கட்டட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும்.

மதுரைப் பிள்ளைகளுக்குக் குளிர் தெரியாது. ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடுப்பு இரண்டும் ஒரு ஸ்வெட்டரும் நல்லது, வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காலுறை கூடுதலாக இரண்டு ஜோடி. முதல் ராத்திரி யாரும் தூங்கமாட்டார்கள். இரண்டாம் ராத்திரியாவது பத்து மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மணிக்கொரு தரம் போன் செய்யாமல் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை பேசுங்கள். “சாப்பிட்டியா” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு எத்தனை பாட்டில் தண்ணி குடிச்ச?” என்று கேட்டால் உண்மை வரும்.

அப்புறம், திரும்பி வந்தபிறகு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கவனம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் தமிழ்நாட்டில் உண்டு. கடித்த பத்து நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு அக்குள், இடுப்பு மாதிரி மறைவான இடத்தில், சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. வலிக்காததால் பிள்ளைகள் சொல்வதில்லை. காய்ச்சல் வந்தால் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் மலைக்குப் போய் வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.