பெண் பாம்பை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இணைசேர்க்கலாம்?

வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, கோர்ன் ஸ்னேக் எனப்படும் நஞ்சற்ற வட அமெரிக்கப் பாம்பொன்றை வளர்க்கிறான். ஐந்து வயதான அந்தப் பெண் பாம்பு சென்ற ஆண்டு 17 முட்டைகள் இட்டது. இவ்வாண்டு முதலில் 16 முட்டைகளும், இரண்டு மாதம் கழித்து மீண்டும் 9 முட்டைகளும் இட்டது. கடைசி ஒன்பதில் பாதிக்கு மேல் மஞ்சளித்துச் சுருங்கிவிட்டன. 520 கிராம் இருந்த பாம்பு இப்போது 350 கிராம்தான். ஆண்டுதோறும் இணைசேர்க்காவிட்டால் முட்டைகள் வயிற்றிலேயே கெட்டு நோய் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். பெண் பாம்பின் உடல்நலத்துக்கு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இணைசேர்ப்பது நல்லது? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: உடல்நலத்துக்காக என்றால் ஒரு முறைகூடத் தேவையில்லை. வாழ்நாள் முழுவதும் ஆண் பாம்பைக் காணாமலே ஒரு பெண் கோர்ன் ஸ்னேக் நலமாக வாழும். கருவுறாத சினைக்கருக்களைப் பெரும்பாலும் உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியவை சில வேளை வெற்று முட்டைகளாக வெளிவரும். நண்பர் சொன்னதைப் போன்ற பேச்சை நான் இங்கே நாய் வளர்ப்பவர்களிடமும் அடிக்கடி கேட்கிறேன்: ஒரு தரமாவது குட்டி போட விடாவிட்டால் கர்ப்பப்பையில் வருத்தம் வரும் என்பார்கள். குட்டி போடுவதால் அந்த ஆபத்து நீங்குவதில்லை. அதற்குரிய வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை.

ஆகவே, எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை இணைசேர்த்தால் பாம்புக்குக் கேடு வராது என்றே நாம் கேட்க வேண்டும். முட்டையின் மஞ்சட் கருவுக்கு வேண்டிய கொழுப்பையும், ஓட்டுக்கு வேண்டிய கல்சியத்தையும் பெண் பாம்பு பெரும்பாலும் தன் உடலில் முன்பே சேர்த்து வைத்த இருப்பிலிருந்து எடுக்கிறது. சினைப்பட்ட பிற்பகுதியில் பல பாம்புகள் இரையையே தொடாமலும் கிடக்கும். உங்கள் தம்பியின் பாம்பு இழந்த 170 கிராம், அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது ஈட்டில், அதாவது இரண்டாவது தடவையாக இட்ட முட்டைகள் சுருங்கிப் போனதற்கும் இந்த இருப்பு தீர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுப்பதை விட, சமையலறைத் தராசைப் பார்த்து முடிவெடுப்பது பாம்புக்கு நல்லது. ஒரு மூடியுள்ள டப்பாவில் பாம்பை விட்டு இரண்டு கிழமைக்கு ஒரு தரம் நிறுத்து எழுதி வரச் சொல்லுங்கள். சினைப்படுவதற்கு முன்பிருந்த எடை முழுவதும் திரும்பி, அது சில மாதங்கள் நிலைத்து நிற்க வேண்டும். முதுகின் மேல் விரலை மெல்ல ஓட்டும்போது முதுகெலும்பு கிடுகுக் கூரையின் முகடு போலத் துருத்தினால், தராசு என்ன சொன்னாலும் அது மெலிந்த பாம்புதான். அவசரப்பட்டுப் பெரிய எலிகளைக் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் பிழை. கொழுத்த பாம்புக்கும் முட்டை அடைத்துக்கொள்ளும். முதலில் சிறிய இரையாகத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு முறை வழக்கமான அளவு இரைக்குக் கொண்டுவந்தால் போதும்.

இந்தப் பாம்புக்கு அடுத்த ஆண்டு முழு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அதன் பிறகும் ஆண்டுக்கு ஓர் ஈட்டுக்கு மேல் வேண்டாம். ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு என்றால் இன்னும் நல்லது. முட்டையிட்ட பெண்ணோடு ஆணை மறுபடி சேர்க்கக் கூடாது. சேர்க்காவிட்டாலும், உடலில் சேமித்து வைத்த விந்தைக் கொண்டு அது இரண்டாம் ஈடு இடக்கூடும் என்பதையும் தம்பி அறிந்திருக்க வேண்டும். போல் பைத்தான் எனப்படும் சிறிய ஆபிரிக்க மலைப்பாம்பு, குட்டி போடும் போவா ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டு இடைவெளியை நான் குறைந்த அளவாகவே கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டை சுமக்கும் கோர்ன் ஸ்னேக், முட்டையிடுவதற்கு முன் கடைசியாகச் செட்டை கழற்றிய பின் ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் முட்டையிடும். அதற்கு முன்பே ஈரப் பாசி நிரப்பிய பெட்டியொன்றை உள்ளே வைக்க வேண்டும். இணைசேராத பாம்புக்கும் இது பொருந்தும். சில முட்டைகளை இட்ட பின் நின்றுபோய், உடலின் பின்பகுதியில் புடைப்பு ஓரிரு நாட்களுக்கு மேலும் தெரிந்தால் கையால் அழுத்தாமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் உள்ள சதுப்பு நிலத்தில் வெங்கிணாந்திக் குட்டியொன்றைக் கண்டோம். அதை வளர்த்துப் பின்னர் இனப்பெருக்கம் செய்யலாமா? — வாசகர், பத்தரமுல்லை

பதில்: கூடாது. இந்த மலைப்பாம்பு 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அனுமதியின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்; வீட்டுக்குள் வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: ஆண் இல்லாமலே பாம்பு குஞ்சு பொரிக்கும் என்பது உண்மையா? — வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்மை. வளர்ப்புப் பாம்புகளில் அது அரிதாகவே நிகழும். பல வேளைகளில் முன்னர் சேமித்த விந்தே காரணமாக இருக்கும். ஆனால் ஆணே தேவைப்படாத பாம்பொன்று கொழும்பு வீடுகளின் பூச்சாடிகளிலேயே வாழ்கிறது. கறுத்து மினுங்கும், ஒரு சாண் நீளங்கூட இல்லாத அந்தக் குருட்டுப் பாம்பின் இனத்தில் எல்லாமே பெண்கள். சாடி மாற்றும்போது மண்புழு என்று எண்ணி நீங்கள் அதை மண்ணோடு அள்ளிக் கொட்டியிருக்கவும் கூடும்.