சிறிய அறக்கட்டளை ஒன்று முதல்முறையாக ஆன்லைன் நிதி திரட்டும் சவால் நடத்துகிறது. இலக்கையும் செலவையும் எப்படி முடிவு செய்வது?

கேட்டவர் தந்த விவரம் இது: கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு டிரஸ்ட், சம்பளத்தில் ஆளே கிடையாது. தன்னார்வலர்கள் 25 பேர் ஒரு மாதம் தினமும் நடந்து, தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்கப் போகிறார்கள். இலக்கை 10 லட்சம் என்று வைக்கலாமா, செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது கேள்வி.

மதுரைப் பக்கம் இதேபோன்ற ஒரு டிரஸ்டில் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறவன் நான். 10 லட்சம் வேண்டாம். அந்தத் தொகை உங்கள் தேவையிலிருந்து வந்தது. யார் யார் யாரிடம் வாய்விட்டுக் கேட்கப் போகிறார்கள் என்ற கணக்கிலிருந்துதான் இலக்கு வரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 25 பேரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். போன் போட்டு நேராகக் கேட்கக்கூடிய 20 பேரின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் முதல் வரியில் ‘ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்’, அடுத்த வரியில் ‘காலேஜ் குரூப்’ என்று எழுதுவார்கள். அதை அடித்துவிட்டு, அந்த ஆபீஸில் யார் என்று கேளுங்கள். குரூப்பில் லிங்க் போட்டால் கைகூப்பும் எமோஜி வரும். பணம் வருவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான். அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் பட்ஜெட்டே அதுதான்.

இப்போது கணக்கு. 25 பேர் கையெழுத்துப் போட்டாலும் கடைசிவரை கேட்பவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 பெயர் என்றால் 300. முதல் வருடம் என்பதால் நாலில் ஒருவர் கொடுப்பார் என்று வைத்தால் 75 பேர். சராசரி 700 ரூபாய் என்றால் 52,500. இதோடு அறங்காவலர்களுக்குத் தெரிந்த மூன்று பேர் தலா 10,000 தருவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தால், மொத்தம் 82,500. இந்த எண்கள் என் அனுமானம்தான். உங்கள் ஊருக்கும் உங்கள் ஆட்களுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் 10 லட்சத்தைத் தொடாது.

82,500 சின்னத் தொகை இல்லை. மாலை வகுப்பு ஆசிரியருக்கு மாதம் 4,000 மதிப்பூதியம் என்றால், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கட்டணம் போக இரண்டு ஆசிரியர்களைப் பத்து மாதம் வைத்துக்கொள்ளலாம். இலக்கை அப்படியே அறிவியுங்கள்: ‘இரண்டு ஆசிரியர்கள், பத்து மாதம், 80,000 ரூபாய்’. படிப்பவருக்குத் தன் 400 ரூபாய் ஓர் ஆசிரியரின் மூன்று நாள் வகுப்பு என்று உடனே புரியும்.

‘பெரிதாகக் கனவு காண்’ என்று யாராவது தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்ட 2014-ன் ஐஸ் பக்கெட் சவாலைக் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் அதில் வந்தது உண்மைதான். ஆனால் அதை யாரும் பட்ஜெட் போட்டு வரவழைக்கவில்லை. 2020-ல் இங்கிலாந்தில் தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் தோட்டத்தில் நூறு சுற்று நடந்த கேப்டன் டாம் மூர் 3.2 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார். அவர் முதலில் வைத்த இலக்கு 1,000 பவுண்டு.

தொகைக்குப் பக்கத்தில் கொடுப்பவர்களின் எண்ணிக்கைக்கும் ஓர் இலக்கு வையுங்கள். குளோபல்கிவிங் என்ற நிதி திரட்டும் தளம் புதிதாகச் சேரும் அமைப்புகளுக்கு நடத்திவந்த ஆக்ஸிலரேட்டர் சவாலில் 5,000 டாலரும் வேண்டும், கொடுத்தவர்கள் 40 பேராவது இருக்கவும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே ஆள் 80,000 கொடுத்துவிட்டால் இந்த வருடம் தப்பித்தீர்கள், அவ்வளவுதான். 75 பேர் கொடுத்தால் அடுத்த வருடம் பேச 75 பேர் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் பெயர்களும் தாளில் வரும். இதில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா பாஸ்போர்ட் வாங்கிவிட்ட சித்தப்பா மகன் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை அவரிடம் இருந்தாலும்கூட. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அந்தப் பணத்தை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் அது டெல்லியில் எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து விழவேண்டும். பதிவு இல்லையென்றால் அந்தப் பெயர்களை இலக்குக் கணக்கிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்து செலவு. டீ-ஷர்ட், பதக்கம், தொடக்கவிழா மேடை எல்லாவற்றையும் முதலில் வெட்டுங்கள். டீ-ஷர்ட் வேண்டும் என்று நடப்பவர்கள் பிடிவாதம் பிடித்தால், திருப்பூரில் தெரிந்தவர் மூலம் பொருளாகவே கேட்டு வாங்குங்கள். கேட்வே கட்டணம் பொதுவாக 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். 82,500-க்கு ஏறத்தாழ 1,950 ரூபாய்.

உடனே ஒருவர், ‘க்யூஆர் கோடை அனுப்பி நேராக அக்கவுண்டுக்கே வாங்கலாமே, யுபிஐக்குக் கட்டணம் இல்லையே’ என்பார். கட்டணம் இல்லைதான். ஆனால் வங்கி ஸ்டேட்மென்டில் வருவது நீளமான ஒரு எண்ணும், பாதியில் வெட்டுப்பட்ட ‘செந்தி’ என்ற பெயரும், 500 ரூபாயும். செந்திலா, செந்தில்குமாரா, செந்தில்நாதனா? முகவரியும் இல்லை, பான் எண்ணும் இல்லை. 80ஜி விலக்கு, அதாவது கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு உள்ள அமைப்பு, நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள் கொடுத்தவர்களின் விவரத்தை வருமான வரித் துறையின் படிவத்தில் ஏற்றி, அவர்களுக்கு நன்கொடைச் சான்றிதழ் தரவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்தச் செந்திலைத் தேடி ஏப்ரல் முழுக்கப் போன் போடுவதைவிட, பெயர், முகவரி, பான் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எடுக்கும் இணையப் பக்கத்துக்கு 1,950 ரூபாய் கொடுப்பது எவ்வளவோ மேல். ரொக்கமாகத் தருவேன் என்பவரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்றும், புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி பயன்படாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிற்பாடு மனத்தாங்கல் வராது.

நான் தாராளமாக ஒதுக்கச் சொல்வது ஓர் ஆளுக்கு. தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரசீது அனுப்ப, நன்றி சொல்ல, நடப்பவர்களுக்குப் போன் போட்டு ‘இன்னைக்கு யாரைக் கேட்டீங்க அண்ணே?’ என்று விசாரிக்க, ஒரு கல்லூரி மாணவி போதும். ஒன்றரை மாதத்துக்கு 8,000 ரூபாய் கொடுங்கள். சேவைதானே என்று சும்மா செய்யச் சொன்னால், பரீட்சை வந்ததும் அந்த வேலை நின்றுபோகும். இந்தச் செலவையும் கேட்வே கட்டணத்தையும் சேர்த்தால் நூற்றுக்கு 12 ரூபாய் வருகிறது. 15-ஐத் தாண்டினால் நான் திட்டத்தையே திரும்பப் பார்ப்பேன். இந்த 8,000-ஐ வசூலிலிருந்தே எடுத்தால் ஆசிரியர்களுக்குப் பத்து மாதம் ஒன்பதாகிவிடும், அதனால் அறங்காவலர் ஒருவரிடம், ‘இதை நீங்க ஏத்துக்கங்க’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள்; கிடைக்காவிட்டால் மாதக் கணக்கைக் குறைத்தே அறிவியுங்கள். செலவுக்கென்று தெரிந்தே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிடைத்தால் அதையும் நன்கொடைப் பக்கத்தில் எழுதுங்கள்.

முன்பே உறுதியான 30,000 முதல் நாளே நன்கொடைப் பக்கத்தில் தெரியட்டும். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் கை வராது. ‘நீங்கள் ஒரு ரூபாய் தந்தால் இவர் ஒரு ரூபாய் தருவார்’ என்று அறிவிப்பதானால், மற்றவர்கள் தராவிட்டால் அவரும் தரமாட்டார் என்பது நிஜமாக இருக்கவேண்டும். எப்படியும் கொடுக்கப்போகிறவரைக் காட்டி அப்படிச் சொல்வது பொய்.

மாதம் எது? நன்கொடைக்கென்று பல நாடுகளில் கொண்டாடும் கிவிங் டியூஸ்டே நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். நமக்கு அது அடைமழைக் காலம், நடைச் சவாலுக்கு ஆகாது. அக்டோபர் 2 முதல் 8 வரையிலான, இந்தியாவில் கொடுப்பதைக் கொண்டாடும் ‘தான் உத்சவ்’ வாரத்தில் கொடுக்கும் மனநிலை இருக்கும், ஆனால் தீபாவளிச் செலவும் பக்கத்தில் நிற்கும். நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன். பொங்கல் செலவு முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பழைய வரி முறையில் இருப்பவர்கள் மார்ச் 31-க்குள் கொடுக்க இடம் தேடுவார்கள். சம்பளம் வரும் முதல் வாரத்தில் தொடங்குங்கள்.

கடைசியாக, 80,000-க்குப் பதில் 50,000 வந்தால் என்ன செய்வீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே கூட்டம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். ‘இரண்டு ஆசிரியர்கள், ஆறு மாதம்’ என்று முடிவெடுத்தால் அதையே பக்கத்திலும் போட்டுவிடுங்கள்.