கணக்குப் பிடித்த பிள்ளைக்கு சைபர் செக்யூரிட்டியில் இன்னொரு வாசல்

அம்மா, மகளை சைபர் செக்யூரிட்டி (கணினிப் பாதுகாப்பு) படிக்க வைக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய பெரியப்பா சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடமானம் வைத்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சைபர் செக்யூரிட்டி பி.இ. சீட் வாங்காதீர்கள். மகளுக்குக் கணக்கு என்றால் உயிர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளை பி.எஸ்சி. புள்ளியியலில் சேர்த்துவிடுங்கள்; அதைப் படித்தும் சைபர் பாதுகாப்பு வேலைக்குப் போகலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

ஹேக்கிங் மட்டுமே சைபர் பாதுகாப்பு என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். பாதி வேலை லாக் படிப்பதுதான், அதாவது யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்று கணினிகள் எழுதிவைக்கும் பதிவுகளைப் பார்ப்பது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நாளுக்கு 1 கோடி பதிவு குவியும் இடத்தில், நூற்றுக்கு ஒன்றைத் தப்பாகப் பிடிக்கும் மென்பொருள் 1 லட்சம் பொய் எச்சரிக்கை தரும். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் எச்சரிக்கை வந்தும் கவனிப்பாரில்லை. சுமார் 4 கோடி கார்டு எண்கள் களவு போயின. எதை முதலில் பார்ப்பது என்பது நிகழ்தகவுக் கணக்கு. அங்கேதான் உங்கள் மகளுக்கு வேலை.

முதல் வருடமே வீட்டில் பழகலாம். 16 ஜிபி ரேம் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் போதும். ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு (லேப்டாப்புக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) 8 ஜிபி ரேம், 4 கோர், 50 ஜிபி இடம் ஒதுக்கி, லாக்குகளைச் சேர்த்து எச்சரிக்கை தரும் இலவச மென்பொருளான வாஸுவைப் (Wazuh) போடட்டும். இன்னொன்றில் விண்டோஸ், அதில் லாக்குகளை வாஸுவுக்கு அனுப்பும் வாஸு ஏஜென்ட். விண்டோஸில் தப்பான பாஸ்வேர்டை ஐந்தாறு தடவை அடித்தால், நுழைவு தோற்றதைக் குறிக்கும் 4625 என்ற எண் லாக்கில் வரிசையாக வரும். சரியானதை அடித்ததும் 4624, நுழைந்தாயிற்று என்று பொருள். நிஜ அலுவலகத்தில் இந்த வரிசையைக் கண்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும்: யாரோ பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்திருக்கலாம். ஆனால் வெறும் 4625 குவிந்தால் அந்தப் பதிவிலேயே இருக்கும் லாகான் டைப்பை (எந்த வழியில் நுழைய முயன்றது என்று காட்டும் எண்) பார்க்க வேண்டும். 5 என்றால் பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முட்டும் ஏதோ ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் தானாக ஓடும் மென்பொருள். 3, 10 என்றால் நெட்வொர்க் வழியாக யாரோ முயலலாம். புதிதாக வருபவர்கள் சறுக்குவது நேரத்தில்: ஒரு லாக் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், இன்னொன்று இந்திய நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய், இரண்டுக்கும் தொடர்பே தெரியாது.

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க்கிங் புள்ளியியல் படிப்பில் வராது. இணையப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், தகவலைக் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபி எல்லாம் தனியாகப் படிக்கவேண்டும். கூடவே தகவல் தொகுப்பில் தேட எஸ்க்யூஎல், நிரல் எழுத பைத்தான். சில கம்பெனிகள் பி.இ. மட்டுமே கேட்கும், உண்மைதான். அதற்காக வீட்டை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். தொடக்க வேலை ஷிஃப்ட்டில்தான், இரவுப் பணியும் உண்டு. அது சரிப்படுமா என்று மகளிடம் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.