உலோகத்துக்குள் மின்புலம் ஏன் சுழி? உலோகம் அதைத் தடுத்துவிடுகிறதா?

மின்கடத்தியை மின்புலத்தில், அதாவது மின்னூட்டங்களை இழுக்கவோ தள்ளவோ செய்யும் விசை பரவியிருக்கும் இடத்தில் வைத்தால் உள்ளே புலம் சுழி (பூஜ்யம்) என்று பாடத்தில் இருக்கிறதே, உலோகம் புலத்தைத் தடுத்து நிறுத்திவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்கவே இல்லை. வெளிப்புலம் உலோகத்துக்குள்ளும் முழுசாக நுழையத்தான் செய்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் மெட்ரிக் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன், பெரும்பாலானவர்கள் தடுக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

செம்பில் அணுவுக்கு ஏறக்குறைய ஒரு எலெக்ட்ரான் எந்த அணுவோடும் ஒட்டாமல் திரிகிறது. புலம் வந்ததும் அவை எதிர்த்திசையில் நகர்ந்து ஒரு பக்கத்து மேற்பரப்பில் சேர்கின்றன, மறுபக்கம் எலெக்ட்ரான் குறைந்து நேர்மின்னூட்டம் தெரிகிறது. இப்படிப் பிரிந்து நிற்கும் மின்னூட்டத்துக்கும் சொந்தமாக ஒரு புலம் உண்டு, உள்ளே அது வெளிப்புலத்துக்கு நேர் எதிர். கொஞ்சம் புலம் மிச்சமிருந்தாலும் எலெக்ட்ரான் நகர்ந்துகொண்டேதான் இருக்கும், இரண்டும் சரிக்குச் சரியானால்தான் நிற்கும். அந்தக் கூட்டுத்தொகைதான் சுழி.

அப்படியானால் புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எலெக்ட்ரான் தீர்ந்துவிடாதா? தீராது. காற்றே உடைந்து பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். அத்தனை பெரிய புலத்தை ஈடுகட்டவும் செம்பின் மேற்பரப்பில் ஒரு லட்சம் அணுவுக்கு ஒரு எலெக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ போதும்! இந்தக் கணக்கைப் பிள்ளைகளை நான் கையாலேயே போடவைப்பேன், உலோகத்தின் கையிருப்பு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் புரிகிறது.

மேற்பரப்பில் புலம் எப்போதும் செங்குத்தாகவே நிற்கும், சாய்ந்திருந்தால் எலெக்ட்ரான் பக்கவாட்டில் ஓடி அதைச் சரிசெய்துவிடும். கூர்முனைகளில் மின்னூட்டம் நெருக்கமாகச் சேரும், அங்கே புலமும் கடுமை.

உள்ளே குடைந்து வெற்றிடமாக விட்டாலும் அந்தக் குழிக்குள்ளும் சுழிதான். இயற்பியலாளர் ஃபாரடே 1836இல் உலோகத் தாள் போர்த்திய அறை அளவுப் பெட்டி ஒன்றைக் கட்டி, வெளியே பொறி பறக்கப் பறக்க, மின்காட்டியோடு உள்ளே உட்கார்ந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஹைவெல்ட் மேட்டில் கோடைகாலப் பிற்பகல் என்றால் இடியும் மின்னலும்தான், அந்த நேரத்தில் காருக்குள் இருங்கள் என்று சொல்வதும் இதை ஒட்டித்தான். மின்னல் வேகமாக மாறும் மின்னோட்டம், அது காரின் உலோக உடலின் வெளித்தோலோடு ஓடித் தரைக்குப் போய்விடும். டயரின் ரப்பர் காப்பாற்றுகிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள், கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அரையடி ரப்பர் எம்மாத்திரம்? காப்பாற்றுவது சுற்றிலும் மூடிய உலோகம்தான். அதனால் பக்கி வண்டியின் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) பின்னால் கான்வாஸுக்கு அடியில் உட்காருவதும், சுவரில்லாத தகரக் கொட்டகையில் ஒதுங்குவதும் பாதுகாப்பே இல்லை, தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், மின்கலத்தோடு இணைத்த கம்பிக்குள் மட்டும் எப்படிப் புலம் இருக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே மின்கலம் இரு முனைகளுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிறது, எலெக்ட்ரான் ஒரு முனையில் சேர்ந்து நிற்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே சுழி என்ற விதி, ஓட்டம் அடங்கிய கடத்திக்கு மட்டுமே பொருந்தும்.