கேள்வி மேடை: தொழுகை நேரமும் கணினிக் கடிகாரமும்

கேள்வி: கணினி ஆய்வகத்தில் என்னுடன் பயிலும் இஸ்லாமியத் தோழி, பிற்பகல் வகுப்பின் நடுவே அனுமதி கேட்டுத் தொழச் செல்கிறாள். இஸ்லாத்தின் அடிப்படைகள் எவை? அவற்றை ஓர் இயங்குதளத்தின் பகுதிகளோடு ஒப்பிட்டு விளக்க இயலுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து கேட்ட கேள்விகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அளித்த விடைகளைக் கூறும் புகழ்பெற்ற நபிமொழி ஒன்று, நம்பிக்கையையும் செயலையும் தனித்தனியே விளக்குகிறது. அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், இறைத்தூதர்கள், இறுதிநாள், விதி ஆகிய ஆறையும் ஏற்பது ஈமான் என்னும் நம்பிக்கை. அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவர் இல்லை, முஹம்மது அவனுடைய தூதர் என்று சாட்சி கூறும் கலிமா, ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, ஜகாத், வசதியுள்ளவர் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் ஹஜ் ஆகிய ஐந்தும் கடமைகள். ஜகாத்தைப் பலரும் பொதுவான தருமம் என்று எண்ணிவிடுகின்றனர். ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்குக் குறையாத செல்வம் ஒருவரிடம் ஒரு சந்திர ஆண்டு இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கை உரியவர்களுக்குக் கொடுத்தே தீரவேண்டும். இந்த வரம்பை வெள்ளியின் மதிப்பைக் கொண்டு கணக்கிடுவோரும் உண்டு.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் (4:103) கூறுவதால்தான் உங்கள் தோழி வகுப்பு முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒப்பீட்டைப் பொறுத்தவரை, அதை வேண்டாமென்றே சொல்வேன். இயங்குதளம் என்பது பிராசசர், நினைவகம், கோப்புகள் ஆகியவற்றை நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மேலாளர்; அதற்கு எண்ணம் என்று ஒன்று கிடையாது. நிய்யத் என்னும் எண்ணம் இல்லாத தொழுகையோ கணக்கிலேயே சேராது.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு இயங்குதளங்கள் உள்ளன. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு மாறினால், தொழுகை நேர மென்பொருள் லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கை, அதாவது தொழுகை அழைப்பை, மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் ஒலிக்கிறது. அதைக் கையால் சரிசெய்தாலும் அஸர் (பிற்பகல் தொழுகை) மட்டும் எங்கள் பள்ளிவாசலைவிடப் பிந்துகிறது. மென்பொருளை நீக்கிவிடலாமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். நீக்க வேண்டாம், முதல் பிழை மென்பொருளைச் சேர்ந்ததே அன்று. கணினியை அணைத்த பின்னும் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரியால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸோ அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்றே வாசிக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால், மாலை 5.50 மணியை விண்டோஸ் பகல் 12.20 என்று கருதி, அந்நேரத்திற்குரிய லுஹரை அறிவிக்கிறது. இணையத்தின் வழியே நேரத்தைச் சரிசெய்தால் அடுத்த முறை லினக்ஸைத் திறக்கும்வரை அது நிற்கும். நிலையான தீர்வு வேண்டுமாயின், விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேடான ரிஜிஸ்ட்ரியின் நேர மண்டலப் பகுதியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ (RealTimeIsUniversal) என்னும் மதிப்பை உருவாக்கி 1 என்று வைக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லையென்றால் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அஸரின் வேறுபாடு கணினிப் பிழையே இல்லை. நடுப்பகல் நிழலை நீக்கிவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் அளவை எட்டும்போது அஸர் தொடங்குவதாக ஷாபி மத்ஹபும் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட வழிமுறை), இருமடங்காகும்போது தொடங்குவதாக ஹனபி மத்ஹபும் கொள்கின்றன. நம் பகுதியில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடைவெளி வரும். கீழக்கரையில் ஷாபி வழக்கமே பெரிதும் நிலவுவதால், அமைப்புகளில் ‘ஹனபி’ என்றிருப்பதை மாற்றினால் போதும். சுபுஹு என்னும் வைகறைத் தொழுகைக்கும் இத்தகைய தெரிவு உண்டு: சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது வைகறை தொடங்குவதாகக் கராச்சி முறையும், 15 பாகையில் என்று வட அமெரிக்க முறையும் கணக்கிடுகின்றன. ஆகவே உள்ளூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் பாங்குச் செயலி சுபுஹுக்கு மட்டும் ஒலிப்பதில்லை. (இல்லத்தரசி, மேலப்பாளையம்)

பதில்: இரவு முழுவதும் அசையாமல், திரை அணைந்து, சார்ஜரில் இணைக்கப்படாமல் கிடக்கும் கைப்பேசியை, ஆண்ட்ராய்டு 6 முதல், இயங்குதளம் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தி, செயலிகளின் வேலைகளைத் தள்ளிவைக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாமென்று தெரிவுசெய்து, அலாரத்திற்கான அனுமதியையும் கொடுங்கள். உறங்கிவிட்டால் விழித்தவுடன் தொழுதுகொள்ளும்படி நபிமொழி வழிகாட்டுகிறது. அதற்காக மனம் சோர வேண்டியதில்லை.

கேள்வி: கணினி காட்டும் ஹிஜ்ரி தேதியும் எங்கள் ஊர்த் தேதியும் ஒத்துவருவதில்லையே? (மாணவர், காத்தான்குடி)

பதில்: இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரியின் நாள் சூரியன் மறைந்ததும் பிறந்துவிடுகிறது, கணினியோ நள்ளிரவுவரை காத்திருக்கிறது. அத்துடன், கணினிகளில் பரவலாக உள்ள உம்முல் குரா நாட்காட்டி சவூதி அரேபியாவிற்காக முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. உங்கள் ஊரிலோ பிறை கண்ட செய்தியை ஆராய்ந்து கொழும்பில் அறிவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிக்கிறார். பல நிரல்களில் ஓரிரு நாள் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பது இந்தக் காரணத்தால்தான். நோன்பையும் பெருநாளையும் அறிவிப்பைக் கொண்டே முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: கடைக் கணினியில் திருட்டு நகல் விண்டோஸ் ஓடுகிறது. மார்க்கம் இதை அனுமதிக்கிறதா? (வணிகர், ஆம்பூர்)

பதில்: 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அகாடமி, பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத் என்னும் மார்க்கச் சட்டத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று முடிவுசெய்தது. பணம் தடையாக இருந்தால் உபுண்டு போன்ற லினக்ஸ் வகை ஒன்றைச் செலவின்றி, உரிமத்தின்படியே நிறுவிக்கொள்ளலாம். கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் போதும். ஆனால் பில் போடும் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள். நிறுவுவதற்கு முன் கணக்குக் கோப்புகளைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். வன்தட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவைத் தவறுதலாக அழுத்திவிட்டு எங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு.