மூலக்கூறு உயிரியலாளர் ஒருவரின் தகுதியை மேற்கோள் எண்ணிக்கை காட்டுமா?

ஒரு மூலக்கூறு உயிரியலாளரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்வதா வேண்டாமா என்பதை, அவருடைய கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை, அதாவது பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய தடவைகளை, எண்ணி முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் என்பதே என் பதில். அதற்கு உல்ரிச் லேம்லியின் ஆய்வு வாழ்க்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லேம்லி, கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1970 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்றைத் தனியொருவராக வெளியிட்டார். மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளை 2014இல் அதே இதழ் பட்டியலிட்டபோது, இது 2,13,005 மேற்கோள்களுடன் இரண்டாம் இடத்தில் இருந்தது. புரதத்தின் அளவைக் கணக்கிடும் முறை பற்றி ஆலிவர் லௌரியின் குழு 1951இல் எழுதிய கட்டுரைக்கு முதலிடம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை அந்த நூறில் இல்லவே இல்லை.

அதில் இருந்த ஜெல் முறையே காரணம் என்பது புரதங்களைப் பிரித்துப் பார்த்த எவருக்கும் உடனே புரியும். புரதங்கள் ஊடாக ஓடிப் பிரியும் கூழ்த் தகடான அக்ரிலமைடு ஜெல்லை நான் முதன்முதலில் வார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஊற்றியது போக மிஞ்சிய கரைசலை ஒரு குழாயில் வைத்துக்கொண்டு, இறுகிவிட்டதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மாதிரிகளை ஏற்றி மின்சாரம் கொடுத்ததும், புரோமோபீனால் நீலம் என்னும் சாயம் மேல் ஜெல்லில் மயிரிழைக் கோடாகச் சுருங்கிக் கீழே இறங்கியது. எஸ்டிஎஸ் என்னும் சோப்பு போன்ற பொருள் புரதத்தை விரித்து எதிர்மின்னூட்டத்தால் போர்த்திவிடுவதால், அது ஓடும் வேகத்தைப் பெரும்பாலும் அதன் அளவே தீர்மானிக்கிறது. ஆர்ன்ஸ்டைனும் டேவிஸும் 1964இல் விவரித்திருந்த இரண்டடுக்கு ஜெல்லில் எஸ்டிஎஸ்ஸைச் சேர்த்ததுதான் லேம்லி செய்த மாற்றம். மேலடுக்கில், முன்னே ஓடும் குளோரைடுக்கும் பின்தங்கும் கிளைசினுக்கும் நடுவே புரதங்கள் நெருக்கப்பட்டு மெல்லிய வரியாகின்றன. கீழடுக்கில் அவை அளவு வாரியாகப் பிரிகின்றன. மாதிரியைக் கலக்கும் கரைசலை இன்றும் ஆய்வகங்களில் ‘லேம்லி பஃபர்’ என்றே கேட்டு வாங்குகிறோம்.

என் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியிலும் ‘லேம்லி, 1970’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதன் தலைப்பில் ஜெல் என்ற சொல்லே கிடையாது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது அதன் முதன்மைப் புரதம் வெட்டப்பட்டுச் சிறிதாகிறது என்பதே அதன் கண்டுபிடிப்பு. அழகான உயிரியல் அது. அந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் மேற்கோள்களில் மிகப் பெரும்பாலானவை அதற்காகக் கிடைத்தவை அல்ல.

பின்னாளில் அவர் நீண்டகாலம் ஆராய்ந்தது குரோமோசோமின் அமைப்பை. ஜேம்ஸ் பால்சனுடன் சேர்ந்து 1977இல், மனித உயிரணுக் குரோமோசோம்களிலிருந்து டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களை நீக்கிவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். குரோமோசோமின் வடிவம் மாறாத ஒரு சட்டகத்திலிருந்து டிஎன்ஏ கண்ணி கண்ணியாக வெளியே பரந்து கிடந்தது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். குரோமோசோம் எப்படி மடிகிறது என்ற கேள்வியை ஒரு தலைமுறையே அதை வைத்து விவாதித்தது. ஆயினும் அதன் மேற்கோள்கள் ஜெல் கட்டுரையின் அருகில்கூட வரவில்லை. குறைந்தது எச் மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு எச் எண்ணிக்கையில் உள்ளனவா என்று பார்க்கும், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் குறியீடும் இங்கே உதவாது. அந்தக் கணக்கில் இரண்டு லட்சம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றுதான், நூறு மேற்கோளைச் சிரமப்பட்டு எட்டிய கட்டுரையும் ஒன்றுதான்.

ஆகவே நீங்கள் சேர நினைக்கும் பேராசிரியரை மேற்கோள் காட்டும் பிறருடைய பத்துக் கட்டுரைகளையாவது திறந்து, அவர் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். செய்முறையில் ஒரு வரியாக வந்தால், அவர் நல்ல கருவியைத் தந்தவர். அது சிறிய காரியம் அன்று. முடிவுகளை விவாதிக்கும் பகுதியில் வந்து, மற்றவர்கள் அவரோடு உடன்பட்டும் முரண்பட்டும் எழுதியிருந்தால், அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. நேரில் சந்திக்கும்போது, தம் கட்டுரைகளில் அவர் பெரிதும் மதிப்பது எது என்று கேளுங்கள். அது பட்டியலில் எவ்வளவு கீழே இருந்தாலும், அதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.